லாரிக்குப் பின்னால் ஓடியவள்

எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஒரு பெண் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். எங்கேயோ யாரோ செத்துப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சண்டை. எழுபதுகளில், கல்லூரிப் பந்தயங்களுக்காகத் திருச்செங்கோட்டுச் சாலையில் விடியற்காலையில் ஓடிப் பழகிய நாட்களில், என்னைத் தாண்டிப் போன லாரி ஒன்றுகூட இல்லை. எல்லாமே நின்றன.

“ஏனுங்க அம்மிணி, ஆருக்கு என்னாச்சுங்க? ஏறுங்க, கொண்டுபோய் உட்டர்றேன்.”

“ஒண்ணுமில்லீங்க, சும்மா ஓடறனுங்க.”

“சும்மா எதுக்குங்க ஓடோணும்?”

இந்தக் கேள்விக்குப் பயந்தே, பின்னால் ஹாரன் கேட்டதும், லாரிக்காரர் வாய் திறப்பதற்குள் தப்பித்துவிட வேண்டும் என்று வேகமெடுப்பேன். வேகப் பயிற்சி என்று தனியாக எதையும் நான் செய்ததில்லை.

படிப்பு முடிந்ததும் பள்ளிபாளையம் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. சேர்ந்த வேகத்தில், தறி ஓட்டுகிறவர்களின் பெண்களும் தோட்டத்து வீட்டுப் பெண்களுமாகப் பொறுக்கி, நெடுந்தூரம் ஓட ஒரு அணி சேர்த்தேன். தினமும் சாயங்காலம் ஓட்டம். ஓடும்போது பேசிக்கொண்டே வருவார்கள். பேச முடிகிற வேகத்தில் ஓடினால்தான் மூச்சு கெட்டிப்படும் என்று சொல்லி வைத்திருந்தேன். அதில் ஒரு வசதி, ஊர்க்கதை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

பிறகு கல்யாணம், லாரி ஓட்டுகிற வீட்டில். எண்பதுகள் தொடங்கிய கொஞ்ச நாளில் பெண் குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினால், என் அணி டிரில் மாஸ்டர் கைக்குப் போயிருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது அணிவகுப்பு.

“டீச்சர், ஒரே லெஃப்ட் ரைட்டுங்க. ஓடவே உட மாட்டேங்கறாருங்க” என்று பெண்கள் அழாத குறை.

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். ஆத்தூர்க்காரர், எதையும் இழுத்துப் பேசாதவர்.

“பிள்ளை பெத்த உடம்பும்மா. கொஞ்ச நாள் போகட்டும்.”

“எவ்வளவு நாளுங்க மேடம்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாசி மாதம் இளைஞர் மன்றம் ஒன்று பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் ஒரு ஓட்டப்பந்தயம் வைப்பதாக இருந்தது. முதல் தடவையாகப் பெண்களுக்கும் உண்டு. பரிசு கொடுக்கப் போகிறவரே இவர்தான்.

“அதுல கடைசி வரைக்கும் ஓடி வந்துடு. வந்துட்டா மறுநாளே உன் பிள்ளைங்களை நீயே எடுத்துக்கோ. பாதியில நின்னா, இந்த வருஷம் முழுக்க இந்தப் பேச்சே கூடாது.”

நான் பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

பிள்ளை பெற்ற பின் ஓடுவதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. கால்கள் பழைய கால்களாகவே இருந்தன. இடுப்புதான் யாரோ கழற்றி மாட்டியது போல இருந்தது. பருத்தித் துணியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினேன். மூச்சு பத்து நாளில் வந்துவிட்டது. ஒத்து வராதது ஒன்றுதான்: குழந்தையின் பால் நேரம். விடியலில் பால் கொடுத்துவிட்டு ஓடினால், ஒரு தூரத்துக்கு மேல் மார் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். பந்தயத் தூரம் அதைவிடப் பெரியது.

வழி சொன்னவர் என் மாமியார்.

“நடுவால கொழந்தையக் கொண்டாந்து காட்டறேன். குடுத்துப்போட்டு ஓடு.”

“அப்படியெல்லாம் நிக்கலாமாங்கத்தை?”

“ஏன், பசிக்கு உங்க பந்தயக்காரங்க சட்டம் போட்டிருக்கறாங்களா?”

சட்டம் போட்டிருக்கவில்லை, விசாரித்துவிட்டேன். சாலையை விட்டு இறங்கக் கூடாது. வண்டியில் ஏறினாலும் சரி, அதில் கை வைத்தாலும் சரி, பந்தயத்தை விட்டு வெளியே. நிற்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. பம்பாய் லைன் லோடு இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர், “லாரியப் பாதி வழியில கொண்டுபோய் நிறுத்தீட்டு உக்காந்திருக்கோணும், அவ்வளவுதான? இதென்ன பெரிய லோடா?” என்றார்.

பந்தயத்தன்று அவருடைய காக்கி பேண்ட்டை இடுப்பில் சுருக்கிக் கட்டி, அரைக்கைச் சட்டை போட்டு, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எல்லாம் பள்ளி, கல்லூரிப் பெண்கள். விசில் ஊதியதும் மான்கள் மாதிரி பறந்தார்கள். நான் பேச முடிகிற வேகத்திலேயே போனேன். பேசத்தான் ஆளில்லை.

பாதி வழி வந்தது. லாரி இல்லை. பேரனோ பேத்தியோ வெளியே கிளம்பினால் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, கன்னத்தில் மை வைக்காமல் என் மாமியார் வாசல் தாண்ட மாட்டார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மார் கனக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் எங்கள் வண்டியின் ஹாரன். தாண்டிப் போய் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என்னைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது. தாண்டியதும் இன்னும் வீறிட்டது. “மெதுவா உடுடா, அம்மாளப் பாத்துட்டே வரட்டும்” என்று மாமியார் குழந்தையை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் காட்டிக்கொண்டே வர, லாரி எனக்கு முன்னால் ஊர்ந்தது. நான் “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். டீசல் இஞ்சின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்?

சாலையோரத் தோட்டத்தில் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது.

அவர்கள் பார்த்தது இதுதான்: லாரியில் புருஷனும் மாமியாரும், அழுகிற பச்சைக் குழந்தை, பின்னால் தாலிக்கொடி ஆட ஆடக் கத்திக்கொண்டு ஓடி வருகிற மருமகள். மஞ்சள் ஏற்ற நின்ற கட்டைவண்டியைத் தள்ளிக் குறுக்கே விட்டுவிட்டார்கள். லாரி நின்றது.

நான் போய்ச் சேர்வதற்குள் பஞ்சாயத்து தொடங்கியிருந்தது.

“பச்ச மண்ணப் பிரிச்சுத் தூக்கீட்டுப் போறீங்களே, மனுசங்களா நீங்க?”

“அய்யோ, பந்தயமுங்க!” என்றார் என் வீட்டுக்காரர்.

“முன்னால போனதுகதான் பந்தயம். இது குடும்பம். எங்களுக்குத் தெரியாதா?”

“பாரு, அவசரத்துல புருசன் பேண்ட்ட மாட்டீட்டு ஓடியாருது பாவம்!”

அந்தக் கூட்டத்தில் மூத்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, “ஏறு சாமி, ஏறி உன்ற கொழந்தைய வாங்கு. எவன் எறக்கி உடறான்னு நாங்க பாக்கறோம்” என்று லாரிப் படியை நோக்கி இழுத்தார். அங்கேதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. வண்டியில் ஒரு கை பட்டால் போதும். என் பெண்கள் வருஷம் முழுக்க லெஃப்ட் ரைட். சரியாக அதே நேரத்துக்குப் பந்தய நடுவர் மொபெட்டில் வந்து, ஒரு காலை ஊன்றி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தார்.

“ஏற மாட்டனுங்க!” என்று கத்தினேன். “ஏறினா நான் தோத்துப்போயிருவேன். கொழந்தைய எறக்கிக் குடுங்க, பால் குடுத்துட்டுப் போயர்றேன்.”

அந்த அம்மாள் என் கையை விட்டு, “பால் குடுக்கவா இத்தன ஓட்டம்?” என்றார். என் மாமியார் மேலிருந்தே, “அதத்தான சொல்லீட்டிருக்கறேன், ஆரு காது குடுக்கறீங்க!” என்று குழந்தையை நீட்டினார்.

அந்தப் பெண்கள் முந்தானைகளை விரித்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். தார்ச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நடுவர் கரும்புக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, “ரோட்டை விட்டு எறங்கல, வண்டியத் தொடல. எனக்கு ஆட்சேபனை இல்லீங்க” என்றார், கரும்பிடம் சொல்வது போல. குழந்தை குடித்த வேகத்தைப் பார்த்தால் அதுவும் பந்தயத்தில் இருப்பதாகத்தான் தோன்றியது. இரண்டு பக்கமும் முடித்து ஏப்பம் விட்டபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எழுந்தேன். மார் லேசாகியிருந்தது, கால் மரத்திருந்தது.

“ஓடு சாமி, இனி ஓடு!” என்று வண்டியை அவர்களே ஓரம் தள்ளினார்கள். கொஞ்ச தூரம் இரண்டு பெண்கள் கூடவே ஓடி வந்தார்கள், மஞ்சள் கொத்தும் கையுமாக.

மிச்சத் தூரம் வெயிலும் ஏற்றமும்தான். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு நெடுநேரம் கிட்டவே வரவில்லை. ஊருக்குள் நுழைகிற இடத்தில் என் அணிப் பெண்கள் காத்திருந்தார்கள். பார்த்ததும் பாய்ந்து வந்தார்கள்.

“புடிச்சு நிறுத்தாதீங்கடி, நின்னா மறுக்கா ஓட முடியாது! தள்ளி ஓடி வாங்க!”

தள்ளியே ஓடி வந்தார்கள், அன்றைக்குள்ள ஊர்க்கதை அத்தனையும் சொல்லிக்கொண்டு. பந்தயம் முடிகிற இடத்தில் பரிசு கொடுத்து முடித்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கடைசி. முதலில் கை தட்டியவர் டிரில் மாஸ்டர்.

“நாளைக்கே எடுத்துக்கங்க டீச்சர். இதுகளுக்கு மார்ச் பண்ண வரவே இல்லீங்க. நில்லுன்னாலும் ஓடுதுக.”

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழாமலே இருந்தார். “சொன்னா சொன்னதுதான். எடுத்துக்கோ. ஆனா சாயங்காலத்துல குழந்தையை என்ன பண்ணுவே?”

“கூட்டீட்டு வந்தர்றனுங்க மேடம்.”

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் வாலிபால் கம்பத்துக்கும் பக்கத்து வேப்பமரத்துக்கும் நடுவே பழைய சேலையில் தூளி கட்டினேன். ஒரு சுற்று முடித்து வருகிற பெண் தூளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். எல்லோரும் ஒழுங்காக ஓடினால் தூளி நிற்காது. யாராவது பேச்சு சுவாரஸ்யத்தில் தளர்ந்தால், தூளி நின்று, உள்ளே சிணுங்கல் கேட்கும்.

“அழுவுது பாருங்கடி, ஓடுங்க!” என்று கத்துவேன். புழுதி பறக்க ஓடி வருவார்கள்.