ஊசி அசையாத பதினோரு நிமிடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது எனக்கு. 1931, கார்த்திகை மாதம், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த உறுவையாறு கிராமம். அதுவும் பட்டப்பகலில்.

வயல் ஓரத்துக் கொட்டகையில் பிரெஞ்சு துரை ஒருவர் நிலநடுக்கம் பதியும் கருவி வைத்திருந்தார். ஆழப் புதைத்த செங்கல் தூண். அதன்மேல் சுழலும் உருளை, அதில் கரிப்புகை ஏற்றிய காகிதம். நிலம் ஆடினால் ஊசி கீறும். தினமும் காகிதம் மாற்றுவது என் வேலை.

அந்தப் பாழாய்ப்போன ஊசி ஒரு நொடிகூடச் சும்மா இருந்ததில்லை. ஆறு விநாடிக்கு ஒரு நெளிவு, இரவும் பகலும். உலக்கைதான் காரணம் என்று நினைத்து ஊரோடு சண்டை போட்டேன்.

"இன்னா பலராமா, உன் ஊசிக்காவ நாங்க நெல்லு குத்தாம கெடக்கணுமா?" என்றாள் எதிர்வீட்டுத் தனக்கொடி.

மூன்று மாதம் கழித்துத் துரை சாவகாசமாகச் சொன்னார்: "உலக்கை இல்லை. கடல். அலையோடு அலை மோதிக் கடலடியை அழுத்துகிறது. அந்த நடுக்கம் பூமி முழுக்க ஓடுகிறது. அது அடங்காது. இப்படியே போனால் நிலநடுக்கம் எது என்றே தெரியாது; மேலிடத்தில் இந்தக் கொட்டகையை மூடச் சொல்லிவிடுவார்கள்."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. ஊரைப் பகைத்ததும் வீண், வேலையும் போகப் போகிறது.

மறுநாள் துரை வெளியே போயிருந்தார். தூணுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். கும்பிட்டேன். ஆத்திரம் தாங்கவில்லை.

"கொஞ்ச நேரமாச்சும் சும்மா கெடந்து தொலை."

மணி 12.10.

ஊசி நின்றது.

உருளை சுற்றியது. கோடு நேராக ஓடியது... தரையை ஓங்கி மிதித்தேன். ஊசி அசையவில்லை.

கற்பூரச் சுடரும் அசையவில்லை...

காலுக்கு அடியில்...

டொக்.

12.21. ஊசி மறுபடி நெளிந்தது.

சாயங்காலம் துரை காகிதத்தைப் பார்த்தார்.

"கடல் நிற்காது. நீ ஊசியைப் பிடித்தாய்."

"இல்ல முசியே. சத்தியமா."

"போ."

வேலை போனது. ஊரே என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

தை மாதம் துரை என் வீட்டுக்கே வந்தார். கையில் இரண்டு கடிதங்கள். கடல் கடந்த இரண்டு நாடுகளிலும் இதே கருவி உண்டு. அதே நாள், அதே பதினோரு நிமிடம், அங்கேயும் கோடு நேராக ஓடியதாம். கடைசியில், தட்டியது போல ஒரே ஒரு கீறல்.

"தவறு என்னுடையது. நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

நான் போகவில்லை. பழி நீங்கியதில் துளியும் சந்தோஷமில்லை. நான் கேட்டதை ஏதோ ஒன்று கேட்டிருக்கிறது... கேட்டதைக் கொடுத்தும் இருக்கிறது.

வேண்டிக்கொள்கிறவன், பதிலுக்கு என்ன செலுத்துவேன் என்று சொல்லித்தான் வேண்டிக்கொள்வான்.

நான் அதைச் சொல்லவே இல்லை.