கல்லில் அப்பாவின் பெயர்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். ரொறன்ரோ நகரிலிருந்து பக்கத்து அஜக்ஸுக்கு வீடு மாறி வந்த வருடம் எனக்குக் கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாக அலுவலகத்தின் மரபுரிமைப் பிரிவில் வேலை கிடைத்தது. அப்பா தனக்குத் தெரிந்த தமிழ்க்கடைகள் எல்லாவற்றிலும் அதைச் சொல்லிவிட்டு வந்தார். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்துக்கு முன்னால் ஒரு நீண்ட கருங்கல் சுவர் நிற்கிறது. கவுண்டி உருவானதை நினைவுகூரும் சின்னம் அது. முன்பக்கத்தில், முதலில் வந்து குடியேறிய குடும்பங்களின் பெயர்கள். பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. இப்போது வாழ்கிறவர்களின் பெயர்களையும் அதில் பொறிப்பதென்று முடிவானது. குடும்பத்துக்கு ஒரு பெயர். அவற்றைச் சேகரிப்பது என் வேலை. எங்கள் வீட்டுக்கு உரியதையும் நானே கொடுத்தேன்.

மற்றவர்களுக்குக் குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக வருவது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. அப்பாவின் பெயருக்குப் பின்னால் நிற்பது அவருடைய அப்பாவின் பெயர். என் பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பாவின் பெயர். பட்டச் சான்றிதழ் வரைக்கும் என்னோடு வந்தது அதுதான். அதையே கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது பெருமையோடு சொன்னேன்.

அம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்தார்.

"உயிரோட இருக்கிற மனிசன்ரை பேரை ஆரும் கல்லிலை வெட்டுவினமோ? சேமக்காலைக் கல்லறையிலைதான் அப்பிடி வெட்டுறது. படிச்ச உனக்கு உது தெரியாதோ?"

"அம்மா, உது கல்லறை இல்லை. நினைவுச்சின்னம்."

"நினைவுச்சின்னம் ஆருக்கு வைக்கிறது? சொல்லு பாப்பம்."

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "விடுமப்பா. கல் ரெடி, பேர் ரெடி. இனி நான் ஒராள்தான் மிச்சம்."

அம்மா சிரிக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"திறப்புவிழாவுக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும், அப்பா."

"வாறன் பிள்ளை, வாறன்."

விழாவுக்கு முதல்நாள், அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள், பிள்ளை." சனிக்கிழமைகளில் அவருடைய தொழிற்சாலை பூட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு குடும்பம் நின்றது. குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து எழுத்துகளைத் தொட வைத்தார்கள். எங்கள் பெயருக்கு முன்னால் நான் மட்டும். ஆங்கிலத்தில் அப்பா தடுமாறாமல் எழுதும் ஒரே சொல் அது. கூட வேலை செய்யும் பெண், "உங்கள் வீட்டார் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேலை என்றேன்.

உரைகள் முடிந்ததும், முன்னோருக்கு அஞ்சலி என்று ஒரு பெரிய மலர்வளையத்தைக் கொண்டுவந்தார்கள். கூட்டம் பின்பக்கத்தில் நின்றதால் அதை அங்கேயே சாத்தினார்கள். அது அப்பாவின் பெயருக்கு நேர் கீழே வந்தது. எல்லோரும் தலையைக் குனிந்து மௌனமாக நின்றார்கள். என்னால் குனிய முடியவில்லை.

சனம் கலைந்துகொண்டிருந்தபோது அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"பேரை வடிவா வெட்டியிருக்கிறாங்களோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. நல்ல வடிவு."

அவருக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "பூ கீ ஏதும் வைச்சவையோ எண்டு கேளுங்கோ."

"இல்லை எண்டு சொல்லுங்கோ, அப்பா," என்றேன்.

கார்கள் எல்லாம் போகும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு வளையத்தைத் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரம்; பைன் இலைகள் கையில் குத்தின. சுவரைச் சுற்றிக் கொண்டுபோய் முன்பக்கத்தில், முதல் குடியேறிகளின் பெயர்களுக்குக் கீழே சாத்தினேன். திரும்பி வந்து அப்பாவின் பெயரருகே நின்று, தொலைபேசியோடு கையை நீட்டி ஒரு படம் எடுத்தேன். அதில் என் முகம் பாதிதான் விழுந்திருந்தது. பெயர் முழுதாக இருந்தது. அதை அப்பாவுக்கு அனுப்பினேன்.