ஃபிளெக்ஸில் சிரித்த தாய்மாமன்

கறம்பக்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒருவன் தினமும் பைக்கில் என் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே வந்தான். நான் கட்டியிருக்கும் சேலையின் நிறத்தைப் புதுப்புது நம்பரிலிருந்து எழுதி அனுப்புவான். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்களோ என்று பயந்து எல்லாவற்றையும் அழித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒருநாள் கடைவீதியில் காதுகுத்து ஃபிளெக்ஸ் ஒன்றில் அவன் முகம் சிரித்தது. தாய்மாமனாம். பெயர், ஊர், மண்டபம் எல்லாம் இருந்தன. அதைப் படமெடுத்து, அன்று வந்திருந்த மெசேஜோடு அண்ணனிடம் காட்டினேன். உடனே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

"நாளைக்குப் போவோம்ணே. நாளைக்குத்தான் விசேஷம்" என்றேன்.

மறுநாள் மகளிர் போலீசோடு மண்டபத்துக்குப் போனேன். கழுத்தில் மாலையும் மடியில் குழந்தையுமாக உட்கார்ந்திருந்தவன் வெளிறிப்போனான்.

"யாரும்மா நீங்க?" என்றாள் அவன் அக்கா.

"தெனம் நான் என்ன கலர் சேலை கட்டுறேன்னு ஒங்க தம்பிக்குத்தான் தெரியும், கேளுங்க" என்று போனை நீட்டினேன்.

மெசேஜைப் படித்ததும் அவள் குழந்தையை அவன் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

இப்போது தெரியாத நம்பரிலிருந்து எது வந்தாலும் அழிப்பதில்லை. அன்றே அண்ணனிடம் காட்டிவிடுகிறேன். "நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்ணலாமா?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அவன் சொந்தக்காரர்கள் எல்லாரும் வேறு எந்த நாளில் ஒரே இடத்தில் இருப்பார்கள்?