காற்றாலையிலிருந்து வந்த கேமரா

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புகைப்படப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வகுப்பு நிறையப் பெண்கள் இருந்தார்கள். கல்லூரிக்கென்று ஒரு கேமராகூட இல்லை. என் சொந்தப் பிலிம் கேமராவை ஒவ்வொருத்தியாக வாங்கிப் பார்ப்பார்கள். கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிடும். மீதி நேரமெல்லாம் கரும்பலகையில் லென்ஸ் படம் வரைந்து, அதற்குள் வெளிச்சம் எப்படிப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டுவேன். நீச்சலைப் படம் வரைந்து சொல்லிக் கொடுப்பது போன்ற வேலை அது.

பழைய பிலிம் கேமராக்கள் ஐந்தாறு வாங்கித் தாருங்கள் என்று முதல்வரிடம் கேட்டேன். டவுணில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சிமார் இரண்டு பேர் கொடுக்கத் தயாராகவும் இருந்தார்கள். முதல்வர் அம்மா தலையாட்டினார். அந்த வாரமே மதுரையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். அங்கே யாரோ 'டிஜிட்டல்' என்ற சொல்லை அவர் காதில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் என்னைக் கூப்பிட்டு, "பிலிமெல்லாம் இனிமே கிடையாதாம். நாம டிஜிட்டலே வாங்கிருவோம்" என்றார், கத்தரிக்காய் விலை ஏறியிருக்கிறது, வெண்டைக்காய் வாங்கிக்கொள்வோம் என்பதுபோல.

புதிது வாங்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. அதனால் பழசு. வாங்குவதற்கு ஒரு குழு. குழுவுக்குத் தலைவர் இயற்பியல் துறைத் தலைவர். கேமராவில் லென்ஸ் இருக்கிறது, லென்ஸ் இயற்பியலில் வருகிறது, ஆகவே அவர். வாழ்நாளில் ஒரு படமாவது எடுத்திருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார் என்று அவர் மனைவியே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர்தான் விசாரித்து வந்தார். ராதாபுரம் பக்கத்தில் ஒரு காற்றாலை நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா சும்மா கிடக்கிறதாம். கல்லூரி ஜீப்பில் நானும் அவரும் புறப்பட்டோம். வழி நெடுக அவர் எனக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டே வந்தார்.

செம்மண்ணும் பனையுமாகக் கிடந்த அந்தப் பொட்டலில் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜீப்பின் கதவைத் திறக்க இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது; அப்படிக் காற்று. அலுவலகத்தில் இருந்த எஞ்சினியர் வள்ளியூர்க்காரர், சின்ன வயசு. மேசையில் குவிந்திருந்த தாள்களின் மேலிருந்து கேமராவை எடுத்து நீட்டினார். உடனே தாள்கள் பறந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"ரெக்கையில கீறல் விழுந்திருக்கான்னு பாக்கதுக்கு வாங்குனது மேடம். மேல ஏறிப் படம் எடுத்து, ஃப்ளாப்பிய மெயின் ஆபீசுக்கு அனுப்பி வைப்போம். இப்ப புதுசு வந்துட்டு. இது பேப்பர் பறக்காம இருக்கதுக்கு உதவுது."

டிபன் பாக்ஸ் அளவுக்கு இருந்தது கேமரா. பக்கவாட்டில் ஃப்ளாப்பி செருகும் வாய். லென்ஸை நீட்டினால் உள்ளே செம்மண் கரகரவென்று அரைபட்டது.

"எத்தன பிக்சல்?" என்றார் பேராசிரியர்.

எஞ்சினியர் ஒரு எண்ணைச் சொன்னார். பேராசிரியர் எதிர்பார்த்ததுதான் என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, "அது கூடுதலா, கொறைச்சலாம்மா?" என்று பைய கேட்டார்.

வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க வழி உண்டா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் எஞ்சினியரைப் பார்த்துக் கேட்டேன். "அப்பர்ச்சர் மாத்த முடியுமா?"

"அதெல்லாம் அதுவே பாத்துக்கிடும் மேடம்."

"ஷட்டர் வேகம்?"

"அதுவுந்தான்." அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "உண்மையச் சொல்லுதேன். இது கீறல் பாக்கதுக்குத்தான் லாயக்கு. மூஞ்சி எடுக்கதுக்கெல்லாம் சரிப்படாது. பேட்டரியும் நிக்காது."

விற்கிறவனே வேண்டாம் என்கிறான். இதைவிட ஒரு வாங்கும் குழுவுக்கு என்ன வேண்டும்? "சார், இதுல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒண்ணுமே இல்ல. அமுக்கத்தான் முடியும்" என்றேன்.

பேராசிரியர் சிரித்தார். "ஏம்மா, எல்லாத்தையும் மிஷினே பாத்துக்கிடுதுன்னா நல்லதுதானே? ஒனக்கு வேல மிச்சம்லா?"

வாங்கிவிட்டோம். திரும்பி வரும்போது அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் காற்று படாமல் கொண்டுவருகிற மாதிரி. காற்றாலையில் இரண்டு வருஷம் தொங்கியதற்கு இனிமேல் என்ன காற்று படப்போகிறது.

அடுத்த சில நாளில் ஆயுத பூசை. அன்றைக்கே தொடக்க விழா என்று முதல்வர் சொல்லிவிட்டார். நான் கூடத்துக்குள் நுழைந்தபோது கேமராவுக்கு மாலை போட்டாகிவிட்டது. டைப்ரைட்டர்களுக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்கும் வைத்த கையோடு அலுவலகத்துப் பணியாளர் லென்ஸின் நட்டநடுவில் சந்தனத்தைத் தீற்றியிருந்தார். நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பேராசிரியர் குறுக்கே கையை நீட்டினார்.

"பூசை முடியாமத் தொடக் கூடாதும்மா."

பூசை முடிந்தது. நான் துடைப்பதற்குள் பேராசிரியர் கேமராவை எடுத்துக்கொண்டார். முதல் படத்தை அவரே எடுப்பது என்று அவரே முடிவு செய்தார். முதல்வர் அம்மா பட்டுச் சேலையில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் நின்றார். பேராசிரியர் அமுக்கினார். ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தோம். மொத்த ஊழியர்களும் சுற்றி நின்றார்கள்.

திரையில் மஞ்சள் புகைக்குள்ளிருந்து முதல்வர் எழுந்து வந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போய்விட்டது. கன்னத்துச் சுருக்கம் போய்விட்டது. தலையைச் சுற்றி ஒரு பொன்னிற ஒளி வேறு. சந்தனத்தின் வேலை. அந்தக் கூட்டத்தில் எனக்கும் சந்தனம் தீற்றியவருக்கும் மட்டும்தான் அது உறைத்தது.

முதல்வர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "டிஜிட்டல்னா டிஜிட்டல்தான்."

மறுநாள் லென்ஸைத் துடைத்து, வகுப்புக்கு எடுத்துப் போனேன். இந்தச் சனியனை வைத்து என்னதான் நடத்துவது என்று தெரியாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரைக்குப் போனேன். வெளுத்த வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒருத்தியை, வேட்டி மட்டும் தெரிகிற மாதிரி கிட்டப் போய் எடுக்கச் சொன்னேன். தண்ணீருக்குள் எருமைகள் கிடந்தன. கரையோரம் கிடந்த ஒன்றின் முதுகை இன்னொருத்தியை எடுக்கச் சொன்னேன். கேமராவின் பின்பக்கத் திரையில் இரண்டையும் பார்த்தோம். வேட்டியும் சாம்பல் நிறம், எருமையும் சாம்பல் நிறம்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "மேடம், இதுக்கு எத காட்டுனாலும் சாம்பலாத்தான் தெரியுமா?"

ஒரு வருஷமாகக் கரும்பலகையில் நான் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான். கேமராவின் கணக்குக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. நாம்தான் திருத்த வேண்டும். என் பிலிம் கேமராவை அவள் கையில் கொடுத்து, வேட்டிக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு, எருமைக்குக் குறை என்று சொன்னேன். அவள் உடனே புரிந்துகொண்டாள். மற்றவர்களும் வரிசையில் முண்டினார்கள். அந்த மூட டப்பா அரை நாளாவது ஒரு வேலைக்கு ஆயிற்று. தப்புச் செய்தாலும் ஒரே மாதிரித் தப்பு, அதுவும் உடனே கண்ணுக்குத் தெரிகிற தப்பு. எனக்கு அது போதும். பேட்டரி தீர்ந்தபோது கல்லூரிக்குத் திரும்பினோம், நல்ல வகுப்பு நடத்திய சந்தோஷத்தோடு.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. முதல்வருக்கு ஒரு மாதர் சங்கத்தின் மலரில் போட இன்னொரு படம் வேண்டியிருந்தது. நான் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லென்ஸ் துடைத்திருந்தது, ஆகவே முகம் முகமாகவே இருந்தது.

"இத யாரு எடுத்தது?"

"நான்தான் மேடம்."

"அன்னைக்கு சார் எடுத்தது எவ்வளவு நல்லா வந்துச்சு!"

பக்கத்து நாற்காலியில் பேராசிரியர் இருந்தார். "எல்லாம் பழக்கந்தான் மேடம்" என்றார் அடக்கமாக.

அன்றைக்கு லென்ஸில் சந்தனம் இருந்தது என்று விளக்கினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தன் கைக்கு வராததைச் சந்தனத்தின் மேல் போடுகிறாளே என்ற பார்வை. முதல்வர் கடைசியில் சொன்னார்: "தொடைக்கேன்னு சொல்லி நீங்கதான் எதையோ தேச்சு எடுத்துட்டீங்க. பிள்ளைகளும் கண்டபடி தொடுது. இனி அது ஆபீஸ்லயே இருக்கட்டும்."

கேமரா அவர் அறையில் கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று, விளையாட்டுக் கோப்பைகளுக்கு நடுவில். சாவி பேராசிரியரிடம். நான் மறுபடியும் போய், பழைய பிலிம் கேமராக்களாவது வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன்.

"அதான் டிஜிட்டல் வந்துட்டே?"

"அது உங்க அலமாரியில இருக்கே மேடம்."

"இருக்குல்லா?" என்றார். அவர் அளவில் அது பதில்தான்.

அடுத்த கல்வியாண்டுக்கான விளக்கப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் பொன்னிறப் புகைக்குள் முதல்வர். உள்ளே 'நவீன டிஜிட்டல் புகைப்பட ஆய்வகம்' என்று எங்கள் பாடத்துக்குப் புதுப் பெயர். என்னைக் கேட்காமலே வைத்திருந்தார்கள். ஆய்வகம் என்பது அந்த அலமாரிதான்.

சேர்க்கை நேரத்தில் குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பேராசிரியர் அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். வந்தவர் பயபக்தியோடு குனிந்து பார்த்தார்.

"பிள்ளைய ஒரு படம் எடுத்துக் காட்டுவீங்களா சார்?"

"பேட்டரி சார்ஜ்ல போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார் பேராசிரியர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அந்த பேட்டரி செத்து நாலு மாசம் ஆகியிருந்தது.

அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்கதான் கிளாஸ் எடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஃபீஸ் கட்டுவது எங்கன என்று கேட்டார். என் வாயில் நிறைய வந்தது. ஆபீஸ் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன்.