ஹேண்ட் பிரேக் செங்கல்வராயன்

செங்கல்வராயன் பிரேக் லைனிங் பட்டையை வெயிலில் கொதிக்கும் தகரத்தின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொள்கிறார். பத்து நிமிஷம் கழித்து எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். பூந்தமல்லி பட்டறைக்காரர்களுக்கு இது தினப்படி வேடிக்கை. "அண்ணாத்தே கருவாடு சுட்டுகினு கீது!" என்பார்கள். அவர் மட்டும் சிரிப்பதில்லை.

யுத்தம் முடிந்து ஏலத்தில் போன பட்டாளத்து லாரிகள் இன்னும் இந்தப் பக்கம் மண்ணும் செங்கல்லும் சுமக்கின்றன. அவற்றின் ஹேண்ட் பிரேக், சக்கரத்தைப் பிடிப்பதில்லை. வண்டியின் வயிற்றடியில் சுழலும் தண்டைப் பிடிக்கும். அதற்கான டிரம்மும், அதை உரசிப் பிடிக்கிற லைனிங் பட்டையும் எந்தப் புதுக்கடையிலும் கிடையாது. செங்கல்வராயன்தான் ஆவடியிலிருந்து திருமழிசை வரை ஒரு காயலான் கடை விடாமல் அலைந்து தேடித் தருவார். ஒரு தடவை, தேடிய டிரம் நெமிலிச்சேரியில் ஒரு வீட்டுத் தண்ணீர்ப் பானையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மாவுக்குப் புதுப் புரிமணை வாங்கிக் கொடுத்துவிட்டு, டிரம்மைத் தோளில் தூக்கி வந்தார்.

போன வருஷம் மணவாளனின் மண் லாரிக்கு லைனிங் தேட மூன்று மாதம் பிடித்தது. ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி மண் ஏற்றுகிற வண்டி அது. முன்சக்கரத்துக்கு அடியில் வைக்கிற ஒரு கருங்கல்தான் அதற்கு பிரேக். "கல்லு நழுவுச்சின்னா கீய மண்ணு வாரற பொம்பளைங்க கதி இன்னா நைனா?" என்று மணவாளன் புலம்பாத நாளில்லை.

ஒருவழியாகக் கிடைத்ததை, ஆயுத பூஜையன்று சுத்தியல், ஸ்பானரோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார் செங்கல்வராயன். மறுநாள் மாட்டி முடித்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அதான் பிரேக்கு போட்டுகீறேனே, இனிமே கல்லு இன்னாத்துக்கு?" என்று அந்தக் கருங்கல்லைத் தூக்கி ஏரித் தண்ணீரில் எறிந்துவிட்டார்.

நாலு நடை ஒழுங்காகப் போய் வந்த வண்டி, ஐந்தாவது நடைக்குச் சரிவில் வந்து நின்றது. மணவாளன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். செங்கல்வராயனின் மனைவி முனியம்மா சோற்றுத் தூக்கோடு கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். வண்டி சத்தமே இல்லாமல் அவளை நோக்கி நகர்ந்தது. கரைமேல் நின்ற செங்கல்வராயன் பின்னாலேயே ஓடினார். குவித்திருந்த மண்ணில் சக்கரம் புதைந்து வண்டி நின்றபோது, முனியம்மாவுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

செங்கல்வராயன் வண்டிக்கு அடியில் புகுந்து தொட்டுப் பார்த்தார். சூடாயிருந்த டிரம்மிலிருந்து பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. முகர்ந்தார். நல்லெண்ணெய்! லாரிக்குள் நல்லெண்ணெய் எப்படி வரும்?

"நான்தான்யா," என்றாள் முனியம்மா. "எல்லா சாமானும் பளபளன்னு இருந்துச்சி, அது மட்டும் வறண்டு கெடந்துச்சி. பூசைக்கு வச்சதாச்சேன்னு ரெண்டு கை எண்ணெ தடவுனேன்."

ஊறிக்கிடந்த எண்ணெய் சூடு பட்டதும் கசிந்திருக்கிறது. மாட்டும்போது பட்டை கருஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்து, குங்குமக் கறை என்று துடைத்துவிட்டவர் அவரேதான்.

திட்டப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கரையில் முட்டுக் கொடுக்க எத்தனையோ கற்கள் கிடந்தன. செங்கல்வராயனோ ஒரு கையால் முனியம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, மறு கையால் தாம் எறிந்த அந்தக் கருங்கல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்.