உறையின் வாய்

என் மேசை இழுப்பறையில் ஒரு தோல் உறை கிடந்தது. கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகி வைக்கும் உறை. மேலெல்லாம் கொடியும் பூவுமாகச் செதுக்கிய வேலை. வாயோரம் மட்டும் ஓர் இடத்தில் மொட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பல வருடங்கள் அந்த இழுப்பறையைத் திறக்காமலே இருந்தேன்.

செகந்திராபாத்தில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் உறை செய்வது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. தடித்த தோலை நனைத்து, பாதி உலர்ந்ததும் அச்சுக் கம்பிகளை வைத்துத் தட்டினால் பூ எழும்பி வரும். பிறகு துப்பாக்கியை உள்ளே வைத்து, அதன் வடிவம் பதியும்படி அழுத்திக் காயவிட வேண்டும். எனக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது. அதனால் தேக்கில் ஒன்று செதுக்கி வைத்திருந்தேன். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் குடைவது சிரமமாக இருந்ததால், அந்த இடத்தை மரமாகவே விட்டுவிட்டேன்.

என் மனைவியின் தம்பி ராணுவத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்தவர். ஓய்வுக்குப் பின் சொந்த உரிமத் துப்பாக்கியோடு ஒரு நகைக்கடையில் காவலுக்குச் சேர்ந்தார். சுடும்வரை விசையில் விரல் படக்கூடாது என்பது அவருக்கு உயிர். விசேஷ வீடுகளில் ஜாங்கிரி வளையத்துக்குள் விரலை விடும் பிள்ளைகளைக்கூட, "விரல் வெளியே!" என்று அதட்டிச் சிரிக்க வைப்பார்.

அவருக்கு ஓர் உறை செய்து கொடுத்தேன். "பூவெல்லாம் நக்கோ அத்தான், வேண்டாம். இது உறையா, கல்யாணப் பொண்ணா?" என்று கேலி செய்தார். சில மாதம் கழித்து, உறையின் வாய் தொளதொளவென்று ஆகிவிட்டதாகச் சொன்னார். கொடி அழகாக முடியட்டும் என்று அந்த ஓரத்தை நான் மிகவும் மெல்லியதாகச் சீவியிருந்தேன். அதை ஒப்புக்கொள்ள மனமில்லை. மரத் துப்பாக்கியை எடுத்துத் திரும்பத் திரும்பச் செருகிக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. படித்த அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், கடைக்கு நகை வந்து இறங்கி முடிந்ததும் துப்பாக்கியை உறையில் செருகியிருக்கிறார். அது வெடித்தது. குண்டு முழங்காலைத் துளைத்தது. துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. பெல்ட்டையும் உறையையும் ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்கள். ஈரத்தில் துவண்ட ஓரம் உள்ளே மடிந்திருந்தது. மடிப்பில் விசையின் தடம் பிறைபோலப் பதிந்திருந்தது. செருகும்போது அதுதான் வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்தியிருக்கிறது. என் மரத் துப்பாக்கியில் அந்த ஓரம் நுழைய வளையமே இல்லை.

அன்று மாலையே மடிப்பை வெட்டி எறிந்தேன். விசாரணை என்று வந்தால் என் வேலை என்னாகும் என்ற பயம். அதைவிட, என் கைவேலையைக் குறை சொல்வார்களே என்ற பயம். மறுநாள் இன்ஸ்பெக்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். கட்டிலில் கிடந்த மைத்துனர், "விரலை வெச்சிருப்பேன் அத்தான். வேற எப்படி வெடிக்கும்?" என்றார். நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

உரிமம் போனது, வேலை போனது. காலை இழுத்துத்தான் நடந்தார். அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் "விரல் வெளியே" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

போன வாரம் அவருடைய பழைய படைப்பிரிவினர் ஒன்றுகூடலுக்கு அழைத்தார்களாம். "விரலை அடக்கத் தெரியாதவனுக்கு அங்க என்ன வேலை" என்று மறுத்துவிட்டதாக அவர் மகள் போனில் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காலையில் உறையை எடுத்துக்கொண்டு போவன்பள்ளியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

மடிப்பையும், தடத்தையும், நான் வெட்டியதையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உறையை வாங்கி, வெட்டிய வாயோரத்தை ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவினார்.

"அப்போ விரல் இல்லையா?" என்றார்.

"இல்லை மாப்பிள்ளை."

உறையை மடியில் போட்டுக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த விரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.