ஸ்பெயின் கோயிலின் திருஷ்டி பொம்மை

கன்னியப்பனுக்குக் 'காக்கா' என்ற பட்டம் ஆவடியில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. மணமேடைக்குப் பின்னால் அரண்மனை வேண்டுமென்று ஒரு காலண்டர் படத்தைக் கொடுத்திருந்தார்கள். படத்தில் இருந்தபடியே கோபுரம், மாடம், சாளரம் எல்லாம் தெர்மாகோலில் வெட்டினார். வலதுபக்கக் கோபுரத்தின் உச்சியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதையும் வெட்டிக் கறுப்படித்து ஒட்டினார். பெண்ணின் அப்பா அதை விரட்டச் சொல்லி முகூர்த்தம் வரைக்கும் ஆள்மாற்றி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"படத்துல கீதா? அப்போ கீது" என்பது கன்னியப்பனின் தொழில் தர்மம். எது கட்டடம், எது பிறகு வந்து அதன்மேல் உட்கார்ந்தது என்று பிரிக்க நாம் யார் என்று கேட்பார்.

வயது ஐம்பத்து மூன்று. ஊர் கள்ளிக்குப்பம். இருபது வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில், டிவி பெட்டிக்குள் அண்டை கொடுக்கிற தெர்மாகோல் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். சாப்பாட்டு இடைவேளையில் உடைந்த துண்டுகளைப் பிளேடால் செதுக்கி யானை செய்தார். ஆயுத பூசையன்று மேனேஜர் அந்த யானையைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. யானை செய்த கை இங்கேயே தங்கிவிட்டது. பிள்ளையார் பந்தல், மாநாட்டு வாசல், காதுகுத்து மேடை என்று அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. வண்ணம் அடிப்பது மனைவி கமலம். கல் என்றால் கல், தேக்கு என்றால் தேக்கு. அடித்து முடித்து நாலடி தள்ளி நின்று, "இத்த நம்பாதவன் கண்ணாடி மாத்தணும்" என்பார்.

பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் கோயிலின் முன்னால் சாரம் கட்டி வேறொரு நாட்டுக் கோயிலின் முகப்பை எழுப்புவார்கள். இந்த வருடம் அலங்காரப் பொறுப்பு திருவிழாக் குழுவிலிருந்த ஆக்னஸுக்கு வந்தது. அவர் மகள் ஜாஸ்லின் ஸ்பெயினில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். புர்கோஸ் என்ற ஊருக்குப் போய் அவள் எடுத்தனுப்பிய பதினோரு படங்களை ஆக்னஸ் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார்.

"எண்ணூறு வருசத்துக் கோயில் கன்னியப்பா. இதுவும் மாதா கோயில்தான்."

கன்னியப்பன் படங்களைத் தரையில் பரப்பிப் பக்கத்தில் குந்தினார்.

இரண்டு கோபுரங்கள். ஊசியாகப் போகும் உச்சி இரண்டையும் குடைந்து குடைந்து ஓட்டையாகவே விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து வானம் இந்தப் பக்கம் தெரிந்தது.

"கமலம், இங்க வந்து பாரு. கல்லுல பூப்பின்னல் போட்டுக்கினு கீறான்."

"கல்லா? சும்மா சொல்லாத."

"கல்லுதான். நம்ம பேனர்ல காத்து போறதுக்கு அரைவட்டமாக் கீறி வுடறோம் இல்ல? அந்த மேஸ்திரியும் காத்துக்குப் பயந்தவன்தான்."

அது அதற்காகத்தானா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அப்படி நினைத்ததும் அந்த மேஸ்திரியோடு ஒரே சாரத்தில் நின்று பீடி பிடித்த மாதிரி இருந்தது.

கோபுரங்களுக்கு நடுவே எட்டு ராஜாக்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குக் கீழே வட்டமான பெரிய சன்னல். சன்னலுக்குள் ஆறு முனை நட்சத்திரம்.

"இன்னாக்கா இது, நம்ம முருகன் நட்சத்திரம்!"

"வெளிய சொல்லிடாதே" என்று ஆக்னஸ் சிரித்தார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனார்.

பதினோராவது படம் கோயிலுக்குள்ளே எடுத்தது. சுவரில் உயரத்தில் ஒரு கடிகாரம். அதன்மேல் இடுப்புவரைக்கும் மட்டும் ஒரு ஆள். சிவப்புச் சட்டை, கூர்தாடி, கையில் ஏதோ தாள். இருட்டில் தூரத்திலிருந்து இழுத்து எடுத்ததால் முகம் கலங்கியிருந்தது. வாய் மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆவென்று திறந்திருந்தது.

கன்னியப்பனுக்குச் சந்தேகமே வரவில்லை. புதுவீடு கட்டுகிறவர்கள் சாரத்தில் கட்டித் தொங்கவிடும் அதே முகம்.

"பாத்தியா, அவங்களுக்கும் கண்ணு படுது. ஆனா திருஷ்டி பொம்மைய ஊட்டுக்குள்ள வெச்சி இன்னா பிரயோசனம்? ரோட்டப் பாத்துக்கினு இருக்கணும்."

"கையில இன்னாது, ரேஷன் கார்டா?" என்றார் கமலம்.

பதினெட்டு நாளில் முகப்பு எழுந்தது. நாற்பதடி உயரம். கோபுர உச்சிகளை மெல்லிய பிளைவுட்டில் ஓட்டை ஓட்டையாக அறுத்து நிறுத்தினார். மாலையில் மேல்காற்று அடிக்கும்போது உச்சி லேசாக விசிலடித்ததே தவிர அசையவில்லை. எட்டு ராஜாக்களுக்கும் கமலம் மீசை வைத்தார். கடைசியாக, கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில், நட்சத்திரச் சன்னலுக்குக் கீழே ரோட்டைப் பார்த்தபடி அந்தச் சிவப்புச் சட்டைக்காரனைக் கட்டிவிட்டுக் கன்னியப்பன் டீ குடிக்க இறங்கினார்.

திருவிழாக் குழுச் செயலாளர் ஜேசுராஜ் அப்போதுதான் வந்தார். அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயிலுக்கு பிரேக் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அடியிலிருந்து தொடங்கி மேலே போகிற வழக்கம். கதவு, தூண், வளைவு என்று பார்த்துக்கொண்டே போன கண் ஓரிடத்தில் நின்றது.

"கன்னியப்பா, அது யாரு?"

"திருஷ்டி பொம்ம சார்."

"மாதா கோயிலுக்கா?"

"படத்துல கீது சார்."

"படத்துல காக்காகூட இருந்துச்சு."

கன்னியப்பன் சட்டைப்பையிலிருந்து பதினோராவது படத்தை எடுத்து நீட்டினார். ஜேசுராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டி, கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார். அவர் குரல் இறங்கியது.

"இது பொம்மை இல்லய்யா. புனிதர். கையில வேதத் தாளு, பிரசங்கம் பண்றாரு. அவரைப் போய் பூசணிக்கா பக்கத்துல தொங்கற மூஞ்சியா ஆக்கி வெச்சிருக்கியே!"

பூச்சரம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். எந்தப் புனிதர் என்று ஒருத்தி கேட்டாள். யாராயிருந்தால் என்ன என்றார் ஜேசுராஜ்.

கன்னியப்பனின் கையில் டீ ஆடை கட்டியது. காக்கா என்று கூப்பிடுவதை அவர் முப்பது வருடமாகச் சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கிறார். இது அந்த மாதிரி இல்லை. சாமியைக் கேலி செய்தவன் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அப்புறம் கோயிலோ மசூதியோ, எந்த வாசலிலும் அவர் ஏணியைச் சாய்க்க முடியாது.

"சத்தியமா தெரியாது சார். வாய் தெறந்துகினு இருந்திச்சி, அதான்..." என்றார்.

ஆக்னஸ் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, இங்க மணி ஏழரை" என்று ஒரு தூக்கக் குரல் வந்தது.

"இருக்கட்டும்டி. அந்தக் கடிகாரத்து மேல இருக்கிறது எந்தப் புனிதர்?"

ஜாஸ்லினுக்கு விழிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முதலில் வந்தது, பேச்சு பிறகு. "ஐயோ, அது புனிதர் இல்லம்மா. கடிகாரப் பொம்மை. மணி அடிக்கிறப்ப வாயைத் திறந்து திறந்து மூடும். ஆறு மணின்னா ஆறு தடவை. ஈப்பிடிக்கிறவன்னு பேரு அதுக்கு. ஊரே கீழ நின்னு அண்ணாந்து பார்க்கும்."

கன்னியப்பன் ஜேசுராஜைப் பார்த்தார். ஜேசுராஜ் கோபுரத்தைப் பார்த்தார்.

"அப்போ திருஷ்டி பொம்மையும் இல்ல" என்றார் ஜேசுராஜ். "அங்க வாய் மூடித் திறக்குது. உன்னுது திறந்தே கிடக்கு. உள்ள இருக்கறதைக் கொண்டாந்து வெளிய மாட்டியிருக்கே."

நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிய ஃபாதர், இரண்டு பக்கத்தையும் கேட்டார். பொம்மையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டோரம் துடித்தது.

"இப்படியே இருந்தா பார்க்கிறவங்க கண்ணுக்குத் திருஷ்டி பொம்மைதான். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடி ஏத்தறோம். அதுக்குள்ள மணிக்கு மணி வாய் திறந்து மூடினா அது கடிகாரப் பொம்மை, இருக்கட்டும். இல்லேன்னா இறக்கிடுங்க."

"தெர்மாகோலு எங்க ஃபாதர் வாய மூடும்?" என்றார் ஜேசுராஜ்.

மறுநாள் காலையிலேயே கன்னியப்பன் தன் பழைய சைக்கிளின் முன்பிரேக்கைக் கைப்பிடியோடு கழற்றினார். பொம்மையின் தாடையைத் தனியாக அறுத்துக் கதவுக்கீல் வைத்துப் பொருத்தினார். பிரேக் ஒயரைத் தாடையிலிருந்து சாரத்தின் அடிவரைக்கும் இறக்கினார். கைப்பிடியை அழுத்தினால் ஒயர் தாடையைக் கீழே இழுத்தது. வாய் திறந்தது.

கமலம் கைதட்டினார். கைப்பிடியை விட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

ஒயர் இழுக்கும். தள்ளாது. ரப்பர் போட்டு மேலே இழுத்துப் பார்த்தார்; ரப்பர் தாடியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. வேறு தாடி ஒட்டினார். மணி மூன்றாயிற்று.

ஜேசுராஜ் மூன்று பத்துக்கு வந்தார். இறக்கியாயிற்றா என்று பார்க்கத்தான் வந்தார். வந்தவர் கைப்பிடியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், ஒயர் மூங்கிலில் மடங்கிப் போகிற இடத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. யாரோ தப்பாகப் போட்ட பொத்தானைப் பார்ப்பதுபோல் பொறுக்கமுடியாமல் நின்றார்.

"தலைகீழாக் கட்டியிருக்கேய்யா."

"இன்னா சார்?"

"ரயில்ல பிரேக் எப்படின்னு தெரியுமா? காத்தைக் குடுத்தாத்தான் பிரேக் விடும். காத்து போச்சுன்னா தானாப் பிடிச்சுக்கும். நீயும் அப்படிக் கட்டணும். அழுத்திப் பிடிச்சா வாய் மூடியிருக்கணும். விட்டா தானா விழுந்து திறக்கணும். ஒயரை மேலேருந்து கொடு. இந்த மடிப்பை எடு முதல்ல. நகரு."

அறுபத்து நாலு வயதில் ஏணியில் ஏறி, சட்டையைக் கழற்றி ஒரு ராஜாவின் கையில் மாட்டினார்.

ஒயரை மேலிருந்து மாற்றிக் கட்டினார்கள். அழுத்தினார்கள். வாய் மூடியது. விட்டார்கள். வாய் மூடியபடியே இருந்தது.

"தெர்மாகோல் சார்" என்றார் கன்னியப்பன். "வெயிட்டே இல்ல. எங்கேருந்து விழும்?"

"வெயிட் குடு."

கல் வைத்தால் தெர்மாகோல் உடையும். நட்டு, போல்ட்டு போதவில்லை. மணி ஐந்தே கால். கீழே பாடகர் குழு வந்து மைக்கில் ஒன்று இரண்டு சொல்லிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

கமலம் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். இரண்டு தெரு. திரும்பி வந்தபோது கையில் வீட்டுக் கதவின் பித்தளைப் பூட்டு இருந்தது.

"இத்த வெச்சிப் பாரு."

தாடைக்குள் குழி தோண்டி, பூட்டை உட்காரவைத்து, மேலே துணி ஒட்டிச் சிவப்படித்தார்கள். ஜேசுராஜ் கைப்பிடியை அழுத்திப் பிடித்தார். விட்டார்.

டப்.

"தொறந்திச்சி!" என்று கமலம் கத்தியதில் பாடகர் குழு நின்றுவிட்டது.

ஆறு மணிக்குத் தெரு நிறைந்திருந்தது. ஜேசுராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு, செயலாளருக்கு முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலிக்குப் போகாமல், முகப்புக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. இது பழகின கை என்றார். அங்கிருந்து அவருக்குப் பொம்மை தெரியாது. மூங்கில்தான் தெரியும். கன்னியப்பன் சாரத்தில் ஏறி, நட்சத்திரச் சன்னலின் இடைவெளியில் முகத்தை வைத்து வெளியே பார்த்தார்.

ஃபாதர் கொடிக்கயிற்றைப் பிடித்தார். கோயில் மணி முதல் தடவை அடித்தது. காலுக்குக் கீழே டப் என்ற சத்தம் கேட்டது.

குழந்தைகள்தான் முதலில் பார்த்தார்கள். இரண்டாவது மணிக்கு அவர்களின் அம்மாக்கள். மூன்றாவதற்கு எதிர்சாரியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பழவண்டிக்காரர், வண்டியை நிறுத்தாமலே ஒரு ஆட்டோக்காரர். நாலாவது மணிக்குப் பாடகர் குழு பாட்டைத் தொடங்க மறந்தது. ஃபாதர் கயிற்றைப் பாதியில் பிடித்தபடி அண்ணாந்திருந்தார். கொடியும் பாதியில் நின்றது. ஆக்னஸ் போனைத் தூக்கி மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னத் திரைக்குள் ஜாஸ்லின், அவளும்.

கன்னியப்பன் பார்த்துக்கொண்டேயிருந்தார். நாற்பதடி முகப்பை அவர் எத்தனையோ கட்டியிருக்கிறார். அதன் பின்னாலிருந்து கூட்டத்தைப் பார்த்ததில்லை.

"திறக்குதாய்யா?" என்று கீழேயிருந்து ஜேசுராஜ் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல. திறக்குதா?"

"தெறந்துகினு கீது சார்."

"பொம்மையா?"

"எல்லார் வாயும்."

ஆறாவது மணி அடித்து, வாய் மூடியது. கொடி ஏறியது. கைதட்டல் ஓய்ந்து, செபம் முடிந்து, சுண்டல் கொடுத்த பிறகும் கூட்டம் நகரவில்லை. ஏழு மணிக்கு ஏழு தடவை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஜேசுராஜ் ஒரு ஸ்டூல் வரவழைத்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார்.

கமலம் சாரத்தின் அடியில் வந்து நின்றார். "யோவ், பூட்டு அங்க கீது. ஊடு தெறந்தே கெடக்கு. யாராவது பூந்துட்டா?"

கன்னியப்பன் சன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"திருடன் எங்க பூந்தான்? அவனும் இங்கதான் எங்கியாவது வாயப் பொளந்துகினு நிப்பான்."